வண்ணத்துக்கு முன்பு கந்தகம்

மலேசியாவின் பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களின் கூடத்தில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கும். தாத்தாவோ பாட்டியோ, இடுப்பு வரைக்கும். புடவையில் பச்சை, கரையில் மஞ்சள், உதட்டில் லேசான ரோஜா நிறம், பின்னால் நீலமாகக் கரையும் திரை. நெற்றிப் பொட்டு மட்டும் மற்ற நிறங்களோடு சேராமல் தனியே எழும்பி நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் புடவையின் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். "அது பச்சையே இல்லை, அரக்கு. ஸ்டூடியோக்காரன் இஷ்டத்துக்குப் பூசிவிட்டான்" என்று பெரியம்மா யாராவது வழக்காடவும் செய்வார். நான் பார்க்கச் சொல்வது முகத்தை. அங்கே பூச்சு மிகக் குறைவு. கன்னத்தில் ஒரு தொடல், அவ்வளவே. தோலின் கதகதப்பான பழுப்பு காகிதத்துக்கு உள்ளிருந்து வருகிறது. படத்திலிருந்த வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து பிறந்த நிறம் அது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டும் கலையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் தூரிகைக்காரரின் கைத்திறனைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் முக்கால் பங்கு இருட்டறையில் தண்ணீரோடும் அமிலத்தோடும் மல்லுக்கட்டியவருக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி. படம் சரியாகத் தயாராகியிருந்தால் சுமாரான கைகூட நல்ல வண்ணம் தீட்டிவிடும். தயாராகாத படத்தில் எந்தக் கையும் செல்லாது.

வெளிறலாக அச்சிடுவது

ஒளியின் கணக்கிலிருந்து தொடங்கலாம். பழைய நார்க்காகிதப் படத்தின் வெண்மை, காகிதத்தின் மேல் பூசிய பேரியம் சல்பேட்டின் வெண்மை. தொழிலில் அதற்கு பேரைட்டா என்று பெயர். அதற்கு மேலே வெள்ளித் துகள்கள் பதிந்த ஜெலட்டின் படலம். போட்டோவுக்கென்று செய்யப்படும் வண்ணங்கள் ஒளியை ஊடுருவ விடுபவை. வெளிச்சம் வண்ணத்தின் வழியே உள்ளே போய், பேரைட்டாவில் பட்டுத் திரும்பி, மறுபடியும் அதே வண்ணத்தின் வழியே வெளியேறுகிறது. இரண்டு முறை வடிகட்டப்பட்ட ஒளியைத்தான் நாம் நிறமாகக் காண்கிறோம். நடுவே வெள்ளி அடர்ந்து கிடந்தால் ஒளி திரும்பி வராது. அந்த இடத்தில் பச்சை பூசினாலும் சிவப்பு பூசினாலும் கறுப்புதான் மிஞ்சும்.

ஆகவே வண்ணம் தீட்டப்போகும் படத்தை வழக்கத்தைவிட வெளிறலாகவும் கறுப்பு வெள்ளை வேறுபாடு மட்டாகவும் அச்சிட வேண்டும். சும்மா பார்த்தால் சோகை பிடித்த படம். இதற்குக் குறுக்குவழி தேடி, உருத்துலக்கும் மருந்தான டெவலப்பரிலிருந்து தாளைச் சீக்கிரமே வெளியே எடுப்பவர்கள் உண்டு. அது தவறு. அரைகுறையாக உருத்துலங்கிய வெள்ளி திட்டுத்திட்டாக நிற்கும். பின்னால் பழுப்பேற்றும்போது அந்தத் திட்டுகள் எல்லாம் கூப்பிட்டுக் காட்டும். ஒளியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, டெவலப்பரில் முழு நேரமும் விட்டு வைப்பதே முறை.

நம் மக்களின் முகங்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கின் அடியில் கண்ணால் பார்த்துக்கொண்டே அதை உருத்துலக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அந்தப் பிலிமில் குங்குமம் கறுப்பாக விழும், உதடு கறுக்கும், மாநிறத் தோல் ஓரிரு படி கூடுதலாக அடர்ந்துவிடும். கறுத்த பொட்டின் மேல் ஊடுருவும் சிவப்பைப் பூசிப் பயனில்லை என்பதை மேலே பார்த்தோம். அதனால்தான் பொட்டை மட்டும் ஒளி புகாத கெட்டிச் சிவப்பால் தனியே வைப்பார்கள். அது எழும்பி நிற்பதற்குக் காரணம் ரசனைக்குறைவு அல்ல, பிலிமின் குருட்டுத்தனம்.

உதட்டுக்கு வேறு வைத்தியம். பொட்டாசியம் பெர்ரிசயனைடையும், வெள்ளி உப்பைக் கரைக்கும் ஹைப்போவையும் கலந்த கரைசல் ஒன்றை 1883-இல் ஹவர்ட் ஃபார்மர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்டார். பெர்ரிசயனைடு வெள்ளியை உப்பாக மாற்றும். ஹைப்போ அந்த உப்பைக் கரைத்து எடுத்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியில் நனைத்து உதட்டைத் தொட்டால், கண்ணெதிரே கறுப்பு இளகும். கலந்த சில நிமிடங்களில் வீரியம் போய்விடுவதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ள வேண்டும். கை ஒரு நொடி தாமதித்தாலும் உதடு காணாமல் போய்விடும். இந்தக் கரைசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அழைக்காமலே ஒரு முறை திரும்பி வரப்போகிறது.

அடையாள அட்டையிலிருந்து கூடத்துச் சுவருக்கு

1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் கீழ் வந்த தேசியப் பதிவில், 12 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் தம் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டியதாயிற்று. பொழுது விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மரம் வெட்டி, பால் சுமந்த மக்களில் எத்தனையோ பேர் கேமராவின் முன் உட்கார்ந்தது அப்போதுதான். கல்யாணப் படம் எடுக்காதவர்களுக்கும் அரசாங்கத்துக்கு ஒரு படம் எடுத்தாக வேண்டியிருந்தது. கண்காணிக்க எடுத்த அந்தச் சின்னப் படமே, ஆள் இறந்த பிறகு மாலை போட ஒரு படம் வேண்டும் என்றபோது பெரிதாக்கக் கிடைத்த ஒரே மூலம் என்ற நிலை பல வீடுகளில் வந்திருக்கும்.

நெகட்டிவ் கையில் இல்லாதபோது படத்தையே மறுபடி படம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு நகலிலும் கறுப்பு வெள்ளை வேறுபாடு கூடும். இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் உதிரும். புருவமும் கேசமும் நெற்றி நிழலும் ஒரே கறுப்பாகத் திரளும். அதைச் சரிக்கட்ட, நகல் நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வரைவார்கள். வழுவழுப்பான ஜெலட்டினில் பென்சில் பிடிக்காது என்பதால் முதலில் ஒரு பிசின் பூச்சு வேண்டும்: டர்ப்பன்டைனில் கரைத்த டாமர். நம் குங்கிலியத்தின் நெருங்கிய உறவான இந்தப் பிசின் மலாயாக் காடுகளின் பழைய ஏற்றுமதிச் சரக்கு. ரப்பர் வருவதற்கு முந்தைய மரப்பிசின் வணிகம் என்றுகூட அதைச் சொல்லலாம்.

எலும்பும் தோலும் வெப்பமும்

ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படுவது. 1920-களில் கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட், சில ஜெலட்டின்களில் செய்த பிலிம் மட்டும் ஏன் ஒளியை வேகமாக உணர்கிறது என்று துருவினார். மாடு மேய்ந்த கடுகுக் குடும்பச் செடிகளிலிருந்து வந்து சேர்ந்த கந்தகச் சேர்மங்களே காரணம் என்று தெரிந்தது. பத்து லட்சத்தில் சில பங்கு அளவே இருந்தாலும், வெள்ளி உப்பின் படிகங்களில் அவை நுண்ணிய வெள்ளிச் சல்பைடுப் புள்ளிகளை உண்டாக்கி, ஒளி பிடிக்கும் பொறிகளாக ஆக்கிவிடுகின்றன. ஆக, படத்தின் பிறப்பிலேயே கந்தகம் இருக்கிறது.

தண்ணீரில் போட்ட ஜெலட்டின் ஊறிய ஜவ்வரிசி போல உப்பும். அந்த உப்பல்தான் டெவலப்பரை உள்ளே விடுகிறது, சாயத்தையும் உள்ளே விடும். ஆனால் தாளோடும் மருந்தோடும் வரும் குறிப்புகள் எல்லாம் 20 பாகை செல்சியஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பேராக்கிலுள்ள ஈப்போவின் குழாய்த் தண்ணீர் அதைவிட ஏழெட்டுப் பாகை சூடாக வரும். அந்தச் சூட்டில் உப்பிய ஜெலட்டின் குழைந்து, ஓரங்களில் சுருண்டு, கொப்புளம் கிளம்பி, சில சமயம் காகிதத்தை விட்டே நழுவிவிடும். வெப்பநாட்டு ஸ்டூடியோக்கள் இரவில் வேலை செய்தன. மருந்துத் தட்டைப் பனிக்கட்டி போட்ட பெரிய தட்டுக்குள் வைத்தன. பனிக்கட்டியை மருந்துக்குள்ளேயே போட்டால் மருந்து நீர்த்துப்போகும். உப்பலை அடக்க டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர்ப்பதும் உண்டு. இவற்றையெல்லாம்விட நம்பகமான காவல், நாவிதர் கடையில் கண்ணாடி போலக் கிடக்கும் அதே படிகாரம்.

படிகாரத்திலுள்ள அலுமினியம் ஜெலட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பிணைந்த வலை உப்பாது, உருகாது. சாயத்தையும் உள்ளே விடாது. வண்ணக்காரருக்கு வந்த தர்மசங்கடம் இதுதான்: படத்தைக் காப்பாற்றும் மருந்தே வண்ணத்தைத் துரத்துகிறது.

நீர்ச் சாயத்தால் தீட்டுகிறவருக்கு இது பெரிய இடைஞ்சல். அந்தச் சாயங்களில் பெரும்பாலானவை எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஜெலட்டின் ஒரு புரதம். அமிலத்தன்மை கூடினால் அதன் அமினோக் கூறுகள் நேர்மின்னேற்றம் பெறும். எனவே சாய நீரில் சில துளி அசெட்டிக் அமிலம் விட்டால் சாயம் ஜெலட்டினைக் கெட்டியாகப் பற்றும். பற்றியதை எடுப்பது பெரும்பாடு. புடவைக்குப் பூசிய பச்சை கழுத்தில் சொட்டினால் கழுத்தும் பச்சைதான். எண்ணெய் வண்ணம் அப்படி அல்ல. அது ஜெலட்டினுக்குள் இறங்குவதில்லை; மேலே மெல்லிய படலமாகக் கிடக்கிறது. பிசகினால் டர்ப்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். நியூயார்க்கின் புரூக்ளினில் 1919-இல் தொடங்கிய மார்ஷல் நிறுவனத்தின் போட்டோ எண்ணெய் வண்ணங்கள் உலகெங்கும் பரவியதற்கு இந்த மன்னிக்கும் குணம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். படிகாரம் இல்லாமல் பிழைக்க முடியாத பேராக் போன்ற இடத்துக்கு எண்ணெயே பொருத்தம். இறுகிய ஜெலட்டின் எண்ணெய்க்குத் தடையே அல்ல. பஞ்சால் தேய்க்கும்போது கீறல் விழாத நல்ல தளமும் ஆகிறது.

கழுவித் தீராத உப்பு

ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்க சோடியம் தயோசல்பேட் வேண்டும். அதைத்தான் ஸ்டூடியோக்காரர்கள் இன்றும் ஹைப்போ என்கிறார்கள். வெள்ளி உப்பை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டிருந்தார். 1839-இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது அது கைகொடுத்தது. அதே 1839-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் இளகாத ரப்பரைக் கண்டார். அவர் கண்டதன் பலனாக ரப்பருக்கு உலகச் சந்தை பிறந்து, 1877-இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளோடு பேராக்கின் தலையெழுத்து மாறியது. படத்தையும் பால்மரத்தையும் ஒரே ஆண்டில் கந்தகம் தொட்டது தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஹைப்போவின் மூலக்கூற்றில் இரண்டு கந்தக அணுக்கள் உண்டு. படத்தில் தங்கிவிட்ட ஹைப்போ மெல்லச் சிதைந்து கந்தகத்தை விடும். கந்தகம் வெள்ளியைப் பிடித்து வெள்ளிச் சல்பைடாக்கும். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் அதே சேர்மம். ஈரமும் வெப்பமும் இந்த வேலையை விரைவுபடுத்துவதால், லண்டனில் நாற்பது ஆண்டு தாங்கும் அரைகுறைக் கழுவல் ஈப்போவில் அவ்வளவு தாங்காது. வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாகும், நிழல்கள் வெளிறும். மேலே பூசிய வண்ணம் அப்படியே நிற்க, அடியிலுள்ள முகம் மட்டும் கரைந்துபோன படங்கள் இப்படி வந்தவை.

நார்க்காகிதமும் பேரைட்டாவும் ஹைப்போவை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓடும் நீரில் ஒரு மணி நேரம் கழுவ வேண்டும். கடல்நீர் நன்னீரைவிட விரைவாக ஹைப்போவை வெளியேற்றும் என்று கவனித்தவர்கள், உப்புகளின் உதவியைக் கழுவலில் சேர்த்தார்கள். நூற்றுக்கு 2 பங்கு சோடியம் சல்பைட் கரைசலில் சில நிமிடம் ஊறவிட்டால் பிறகு கழுவும் நேரம் பாதிக்கும் கீழே குறையும். தோட்டத்தார் இந்த உப்பை வேறு இடத்தில் பார்த்திருப்பார்கள். மரக்காட்டிலிருந்து ஸ்டோர் எனப்படும் ஆலைக்குப் போகும் வழியில் ரப்பர்ப் பால் உறைந்துவிடாமல் இருக்கச் சேர்ப்பதும் சோடியம் சல்பைட்தான். ஸ்டோரில் பாலை உறைய வைக்க பார்மிக் அல்லது அசெட்டிக் அமிலம்; இருட்டறையில் டெவலப்பரை நிறுத்த அசெட்டிக் அமிலம். ரப்பர் ஸ்டோரின் மருந்து அலமாரியை வைத்துக்கொண்டே இருட்டறையின் பாதி வேலையை முடித்துவிடலாம்.

கழுவும் நீரும் கவனிக்க வேண்டியது. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கிடையே தோண்டிய கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம், டெவலப்பரின் சோடியம் கார்பனேட்டோடு சேர்ந்து படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத வெண்படிவாக உட்காரும். ஈரத்தில் எதுவும் தெரியாது. காய்ந்த பிறகு எண்ணெய் வண்ணத்தைத் தேய்த்தால், படிவு உள்ள இடம் வண்ணத்தைக் கூடுதலாகப் பிடித்துக் கன்னத்தில் தேமல் விழுந்துவிடும். நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஒரு முக்கு, மறுபடி ஒரு கழுவல். அது போதும்.

முழுதாகத் தின்னவிடுவது

இனி அந்தப் பழுப்புக்கு வருவோம். செப்பியா எனப்படும் அந்தப் பழுப்பை ஏற்றுவது இரண்டு படி. முதலில் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் படத்தை இடுவார்கள். வெள்ளி மீண்டும் வெள்ளிப் புரோமைடாகி, உருவம் வெளிறிய மஞ்சள் நிழலாகத் தேயும். பிறகு கழுவி, சோடியம் சல்பைடு (கழுவலுக்கு உதவிய சல்பைட் அல்ல) கரைசலில் இட்டால் சில விநாடிகளில் முகம் பழுப்பாகத் திரும்பி வரும். வெள்ளி முழுவதும் வெள்ளிச் சல்பைடாகிவிட்டது. அதன் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகம் விழுங்குவதால் மிஞ்சும் ஒளி பழுப்பாகத் தெரிகிறது.

முதல் படியில்தான் ஃபார்மரின் கரைசல் அழைக்காமல் வருகிறது. படத்தில் ஹைப்போ மிச்சமிருந்தால், பெர்ரிசயனைடு அதோடு சேர்ந்து அதே வெளிற்றுக் கரைசலாகிவிடும். உதட்டைத் தொட்டு இளக்கிய மருந்து இப்போது முகத்தை மொத்தமாகக் கரைக்கும். கரைந்த வெள்ளி தண்ணீரோடு போனது போனதுதான். இரண்டாம் படியில் திரும்பி வராது. ஆகவே பழுப்பேற்றுமுன் படத்தின் ஓரத்திலிருந்து சொட்டும் நீரை, வெளிறிய பெர்மாங்கனேட் கரைசலில் விட்டுப் பார்ப்பார்கள். ஊதா நிறம் நின்றால் படம் சுத்தம். மறைந்தால் இன்னும் ஹைப்போ இருக்கிறது, கழுவு.

சோடியம் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை விடும். அது பயன்படுத்தாத தாளையும் கறுக்க வைக்கும் என்பதால் இந்த வேலையை இருட்டறைக்கு வெளியே, கடையின் பின்கட்டில்தான் செய்ய வேண்டும். நச்சு வாயு என்பதால் காற்றோட்டமும் அவசியம். மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலின் நாற்றத்தில் பழகிய மூக்குக்கு இது பெரிதாகத் தெரியாது என்று விளையாட்டாகச் சொல்லலாம். ஆனால் மூக்கு மரத்துப்போவதுதான் இந்த வாயுவின் ஆபத்தே.

கந்தகத்தின் இரட்டை வேடம் இங்கே விளங்கும். கழுவாமல் விட்ட ஹைப்போவின் கந்தகம் ஒழுங்கில்லாமல், பாதி வெள்ளியை மட்டும் தின்று படத்தைக் கெடுக்கிறது. நாமே முன்வந்து முழுதாகத் தின்னக் கொடுத்தால், அதன் பிறகு தின்ன ஒன்றுமில்லை. வெள்ளிச் சல்பைடு மிக நிலையான சேர்மம். தோல் நிறமும் கிடைத்தது, நீண்ட ஆயுளும் கிடைத்தது. மாநிற முகத்துக்கு இந்தப் பழுப்பு அடித்தளம் அற்புதமாகப் பொருந்தும். மேலே எண்ணெயில் ஒரு துளிச் சிவப்பு சேர்த்தால் போதும். நீலத்துக்குத்தான் அது ஆகாது. பழுப்பின் மேல் பூசிய நீலம் பச்சையாகச் சாயும். அந்தப் பாட்டியின் புடவை உண்மையில் நீலமாகவே இருந்திருக்கலாம். பெரியம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்.

மிச்சமிருப்பது மேற்பரப்பு. குரோம் தகட்டில் ஒட்டிக் காயவைத்துப் பளபளப்பாக்கிய தாள் ஆகாது, எண்ணெய் வழுக்கிவிடும். மேட் தாளை விரல் ரேகை படாமல் தட்டையாகக் காயவைத்து, டர்ப்பன்டைன் கலந்த தயாரிப்புத் திரவத்தைப் பஞ்சால் சீராகத் தடவித் துடைத்துவிட்டால் வண்ணம் எங்கும் ஒரே அளவாகப் பிடிக்கும். முட்டை வெண்கருத் தாள்கள் புழங்கிய 19-ஆம் நூற்றாண்டில், வழவழப்பைப் போக்கப் படத்தை நாவால் நக்கும்படி கைநூல்கள் சொல்லின. மாட்டுப் பித்தநீரும் அதே வேலைக்கு உதவியது. தூரிகை வரும் நேரத்தில் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியானபோது இந்தப் படங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தன. 1970-களின் வண்ணப் படங்கள் பல இன்று நீலச்சாயம் மங்கிச் செந்நிறமாகிவிட்டன. அவற்றுக்கு அடியில் வெள்ளி இல்லை. கைவண்ணப் படத்துக்குப் பூஞ்சைதான் பெரிய எதிரி. ஜெலட்டின் அதற்கு உணவு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70-ஐத் தாண்டினால் விருந்து. சுவரோடு ஒட்டாமல், சட்டத்தின் பின்னால் தக்கைத் துண்டு வைத்துக் காற்று போக விடுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். நீர்ச் சாயமாக இருந்தால் ஓடிவிடும். படங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவும் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் பழுப்பேற்றாத படத்தின் குறுக்கே ஒரு பட்டை வரைந்துவிடும். படம் சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியைப் பற்றியிருக்கிறது. பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, பக்கவாட்டு வெளிச்சத்தில் நகல் எடுத்துக்கொண்டு, மற்றதைப் படப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.